டிராக்டர் ஹீட் ஆகுதா? ரேடியேட்டரைக் கழட்டறதுக்கு முன்னாடி ஃபேன் காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க

பழைய டிராக்டர் வச்சிருக்கறவங்க யார்கிட்டயாவது "வண்டி ஹீட் ஆகுது"ன்னு சொல்லிப் பாருங்க, எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்லுவாங்க. ரேடியேட்டரைக் கழட்டு, கடையில குடு, அடைப்பு எடுத்துட்டு வா. ஃபேனைப் பத்தி யாரும் பேசவே மாட்டாங்க. ஃபேன் சுத்துதா? சுத்துது. அப்ப சரி, அதோட விட்டுருவாங்க. ஆனா சுத்தற ஃபேன் காத்தை எந்தப் பக்கம் தள்ளுது, எவ்வளவு தள்ளுதுன்னு பாக்கறதுக்கு ஒரு பழைய பேப்பர் போதும், அஞ்சு நிமிஷ வேலை. எங்க மாமா செகண்ட் ஹேண்ட்ல வாங்கின மேஸி 1035ல நடந்த கதை முழுக்க இதுதான். நீளமா போகும், பொறுமையா படிங்க.

மேஸி 1035 பத்தி டெல்டாக்காரங்களுக்கு சொல்லவே வேணாம். அதைச் செய்யற டாஃபே கம்பெனி 1960ல சென்னையில ஆரம்பிச்சது, செம்பியத்துல ஃபேக்டரி, மூணு சிலிண்டர் சிம்சன் இன்ஜின், சுமார் 35 குதிரைசக்தி. மன்னார்குடி பக்கம் இன்னைக்கும் ஊருக்கு ஒண்ணு ரெண்டு பெயின்ட் போன 1035 ஓடிக்கிட்டுதான் இருக்கு. அறுவடைக்கு எல்லாம் கம்பைன் வந்துருச்சு, அதனால இந்த மாதிரி பழைய வண்டிங்களுக்கு இப்ப வேலை சேறு அடிக்கறது, டிரெய்லர் இழுக்கறது, அப்புறம் பங்குனி சித்திரையில உளுந்து அடிக்கற மெஷினை பிடிஓல (இன்ஜின் பவரை வெளி மெஷினுக்குக் குடுக்கற பின்பக்கத் தண்டு) ஓட்டறது. இந்தக் கடைசி வேலைதான் கூலிங் சிஸ்டத்துக்கு பரீட்சை. வண்டி ஒரே எடத்துல நிக்கும், எதிர்காத்துன்னு ஒண்ணும் வராது, வெயில் மேல இருந்து வறுக்கும், சுத்தி உளுந்தம் பொட்டு (தோலும் தூசியும்) மேகமா பறக்கும். சம்பா வேலையில ஒழுங்கா ஓடின வண்டி உளுந்துல கொதிக்கும்.

மாமா வண்டியும் அப்படித்தான் கொதிச்சுது. மெஷின் ஓட ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல டெம்பரேச்சர் மீட்டர் முள்ளு சிவப்புக்குப் போயிரும், டிரைவர் நிறுத்திட்டு மர நெழல்ல உக்காந்துருவாரு, கூலிக்கு வந்த ஆளுங்க சும்மா உக்காந்திருப்பாங்க. நான் போய்ப் பாக்கறதுக்கு முன்னாடியே ரேடியேட்டரைக் கழட்டி டேங்கைத் திறந்து ராடு விட்டு சுத்தம் பண்ணியாச்சு. சூட்டைப் பாத்து தண்ணி வழியைத் தெறந்து மூடற தெர்மோஸ்டாட்டைப் புடுங்கித் தூக்கிப் போட்டாச்சு. ரேடியேட்டருக்குப் புது மூடி போட்டாச்சு. வாட்டர் பம்ப் கிட்டும் மாத்தியாச்சு. அடுத்தது ஹெட் கேஸ்கெட்டுன்னு மெக்கானிக் சொல்லிட்டுப் போயிருந்தாரு, மாமா பணத்துக்கு அலைஞ்சுக்கிட்டு இருந்தாரு.

நான் மெக்கானிக் இல்ல, ஆனா ஜெனரேட்டர் சர்வீஸ்ல கொஞ்ச காலம் வேலை பாத்தவன், அதனால எனக்கு முதல்ல காத்தைப் பாக்கற பழக்கம். வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஹேண்ட் திராட்டிலை வேலை ஓடற அளவுக்கு ஏத்திட்டு, ஒரு தினசரி பேப்பர் ஷீட்டை முன் கிரில்லுக்கு ஒரு சாண் தள்ளிப் புடிச்சேன். நல்லா இருக்கற 1035ல, கையை விட்ட உடனே பேப்பர் போய் கிரில்லுல அப்பிக்கும், இழுத்தாதான் வரும். இங்க பேப்பர் சோம்பேறித்தனமா கிரில்லு மேல சாஞ்சுது, கொஞ்ச நேரம் நின்னுது, கீழ விழுந்துருச்சு. சந்தேகத்துக்கு எதிர்வீட்டுக்காரரோட 1035ஐ கொண்டாரச் சொல்லி அதுல புடிச்சோம், பேப்பர் டப்புன்னு ஒட்டிக்கிச்சு. ரெண்டும் ஒரே இன்ஜின், ஒரே ஆர்பிஎம்.

(இதைச் செய்யும்போது ஒரு விஷயம். வேட்டி, துண்டு, லூஸ் சட்டை எதோடயும் ஓடற ஃபேன் கிட்ட போகாதீங்க. பேப்பரை கிரில்லுக்கு வெளிய மட்டும் புடிங்க. ஃபேன் சுத்தற தட்டுக்கு நேர் பக்கவாட்டுல முகத்தை வச்சு எட்டிப் பாக்கறதும் வேணாம், பழைய ஃபேன்ல ரிவிட் விட்டுப் போய் எலை, அதாவது பிளேடு, பறக்கறது நடக்கற விஷயம்தான்.)

காத்து உள்ளதான் வருது, திசை சரி, ஆனா பலம் இல்ல. பானெட்டைத் தூக்கி, இன்ஜினை நிறுத்திட்டு, ஃபேனைப் பாத்தா விஷயம் பளிச்சுனு தெரிஞ்சுது. ஃபேனை முன்பின்னா மாட்டியிருக்காங்க. எலையோட குழிஞ்ச பக்கம் ரேடியேட்டரைப் பாத்துக்கிட்டு இருக்கு.

ஏன்னு விசாரிச்சப்ப, வித்தவரோட பழைய டிரைவர் ஒருத்தர் சொன்னாரு. வெயில் காலத்துல இன்ஜின் சூடு காத்து நேரா காலுல அடிக்குதுன்னு புகார் பண்ணியிருக்காரு, அங்க இருந்த யாரோ "ஃபேனைத் திருப்பிப் போட்டா காத்து முன்னாடி போயிரும்"னு சொல்லி திருப்பிப் போட்டிருக்காங்க. கால் சூடு கொஞ்சம் கொறஞ்சுதாம். ஆமா, கொறையத்தான் செய்யும், காத்தே பாதியாப் போச்சே.

ஃபேனைத் திருப்பி மாட்டினா காத்து திசை மாறும்னு நெனைக்காத ஆளே இல்ல. நல்ல மெக்கானிக்குகளே அடிச்சுச் சொல்லுவாங்க. மாறவே மாறாது. மாமாகிட்ட இதை வாயால வெளக்க முயற்சி பண்ணி முடியல, அதனால ஒரு போல்ட்டையும் நட்டையும் எடுத்துக் காட்டினேன். நட்டை வலது பக்கம் சுத்தினா உள்ள ஏறுது. இப்ப நட்டைக் கழட்டி முன்பின்னா திருப்பிப் போட்டு அதே வலது பக்கம் சுத்துங்க. இப்பவும் உள்ளதான் ஏறும். ஏன்னா மரையோட முறுக்கு எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் ஒரே முறுக்கு. ஃபேன் எலையோட சாய்வும் அந்த மாதிரி முறுக்குதான். மாமா நட்டைக் கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் மாட்டிப் பாத்துட்டு "அட, ஆமாடா"ன்னாரு.

அப்ப திருப்பிப் போட்டா என்னதான் மாறுது? எலையோட வளைவு மாறுது. ஃபேன் எலை சும்மா தட்டையான தகரம் இல்ல, லேசா குழிஞ்சிருக்கும், குழிஞ்ச பக்கம்தான் காத்தை அள்ளித் தள்ளற பக்கம். உள்ள இழுக்கற ஃபேன்ல அந்தக் குழி இன்ஜினைப் பாக்கணும். திருப்பி மாட்டினா காத்து போற திசை அதேதான், ஆனா புடைச்ச முதுகுப் பக்கத்தால தள்ளுது, காத்து வழுக்கிட்டுப் போயிரும். தட்டையான எலை உள்ள ரொம்பப் பழைய ஃபேனா இருந்தா திருப்பினாலும் பெருசா வித்தியாசம் தெரியாது. வளைவு அதிகமா இருக்கற ஃபேன்ல பெரிய அடி வாங்கும். சாதாரண உழவுல தெரியாம தப்பிச்சிரும், உளுந்துல மாட்டிக்கும். மாமா வண்டி கதை இதேதான்.

இன்னொண்ணு, ஃபேன் நடுவுல இருக்கற தட்டு பெரும்பாலும் எலையோட ஒரே மட்டத்துல இருக்காது, கொஞ்சம் பள்ளமா இருக்கும். சரியா மாட்டினா எலை ரேடியேட்டர் பக்கம் தள்ளி, கவுலுக்குள்ள (ஃபேனைச் சுத்தி வர்ற தகரக் கூடு) போய் நிக்கும். முன்பின்னா மாட்டினா எலை இன்ஜின் பக்கம் வந்துரும், கவுலை விட்டு வெளிய வந்துரும். மாமா வண்டியில கவுலே இல்ல, அதை அப்புறம் சொல்றேன்.

ஃபேனைப் பாத்து திசை கண்டுபுடிக்க ஒரு வழி சொல்றேன், இதை மனசுல வச்சுக்கிட்டா எந்த வண்டிக்கும் உதவும். முதல்ல ஃபேன் எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாருங்க, பெரும்பாலான டிராக்டர் இன்ஜின்ல முன்னாடி நின்னு பாத்தா கடிகார முள்ளு போற பக்கம்தான் சுத்தும், பெல்ட்ல ஓடறதால ஃபேனும் அதே பக்கம். இப்ப ஒரு எலையை எடுத்துக்கங்க. சுத்தும்போது காத்தை முதல்ல வெட்டற ஓரம் ஒண்ணு, பின்னாடி வர்ற ஓரம் ஒண்ணு. வெட்டற ஓரம் ரேடியேட்டர் பக்கமாவும், பின்னாடி வர்ற ஓரம் இன்ஜின் பக்கமாவும் சாஞ்சிருந்தா அது உள்ள இழுக்கற ஃபேன். அதுக்கு எதிரா இருந்தா வெளிய ஊதற ஃபேன். இதுல சாய்வு திசையைச் சொல்லுது, குழி பலத்தைச் சொல்லுது. ரெண்டையும் தனித்தனியா பாருங்க, குழப்பிக்காதீங்க.

அப்ப, காத்தை நெஜமாவே மாத்தணும்னா என்ன பண்ணணும்? ஒண்ணு, எதிர் முறுக்குள்ள வேற ஃபேன் வாங்கணும். இல்ல, ஃபேனையே எதிர்ப்பக்கம் சுத்த வைக்கணும், வி பெல்ட் வண்டியில அது நடக்கற காரியம் இல்ல. இப்ப பெரிய பெரிய டிராக்டருக்கும் கம்பைனுக்கும் கிளீன்ஃபிக்ஸ், ஃப்ளெக்ஸேர்னு ரிவர்ஸ் ஃபேன் வருது, அதுல கூட ஃபேனைத் திருப்பறதில்ல, ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒவ்வொரு எலையும் தன் காம்புல திரும்பி சாய்வை மாத்திக்குது, கொஞ்ச நேரம் வெளிய ஊதி ரேடியேட்டர்ல ஒட்டின சருகு தூசியை உதறிட்டு மறுபடி பழைய நெலைக்கு வந்துரும். எலெக்ட்ரிக் ஃபேன் வச்சவங்களுக்கு வேற கதை, சாதா டிசி மோட்டார்னா வயரை மாத்திக் குடுத்தா எதிர்ப்பக்கம் சுத்தும், காத்தும் மாறும், ஆனா எலை வளைவு அந்தத் திசைக்கு செஞ்சது இல்லங்கறதால பலம் கொறையும்.

மாமா விடல. "சரிடா, அப்ப எதிர் முறுக்கு ஃபேனே வாங்கிப் போட்டுரலாமே, டிரைவருக்கும் கால் சுடாது, பொட்டும் உள்ள வராது"ன்னாரு. இது முட்டாள்தனமான கேள்வி இல்ல. உலகத்துல ரெண்டு மாதிரியும் இருந்திருக்கு. வெளிய ஊதற ஃபேனுக்கு ரெண்டு நல்ல கொணம், ஓட்டறவர் மேல அனல் வராது, வைக்கோல் தூசி கிரில்லுல அப்பாது. குளிர் நாட்டுக்காரங்களுக்கு நேர் எதிர் தேவை, அமெரிக்கா கனடா பக்கம் கேபின் இல்லாத பழைய டிராக்டர்ல இன்ஜினைச் சுத்தி கேன்வாஸ் துணி கட்டி, ரேடியேட்டர் வழியா வர்ற சூடு காத்தை டிரைவர் பக்கம் திருப்பி விடுவாங்க, பனியில ஓட்டறவனுக்கு அது வரம். அதுக்கு உள்ள இழுக்கற ஃபேன்தான் வேணும். நமக்கு சித்திரையில அதே காத்து சாபமா இருக்கு, அவ்வளவுதான்.

இருந்தாலும் நான் வேணாம்னேன். உள்ள இழுக்கற ஃபேன்ல வெளிக்காத்து நேரா ரேடியேட்டருக்கு வருது, அப்புறம்தான் இன்ஜின் மேல போகுது. வெளிய ஊதினா, இன்ஜின் மேல உரசி சூடான காத்துதான் ரேடியேட்டருக்குப் போகும். வெளியில 38 டிகிரி வெயில், அதுக்கு மேல இன்ஜின் சூடும் சேந்தா தண்ணிக்கும் காத்துக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் சுருங்கிரும், அந்த வித்தியாசத்துலதான் ரேடியேட்டர் வேலையே செய்யுது. ரெண்டாவது, டிரெய்லர் மாட்டி ரோட்டுல 25 கிலோமீட்டர் வேகத்துல போகும்போது எதிர்காத்து கிரில்லுல வந்து மோதும், ஃபேன் அதுக்கு எதிரா ஊதும், ரெண்டும் மல்லுக்கட்டும். மூணாவதுதான் எனக்கு முக்கியமா பட்டது. இந்தப் பழைய இன்ஜின்ல எல்லாம் முன் பக்க ஆயில் சீல் கொஞ்சமாவது கசியும். உள்ள இழுக்கற ஃபேன்னா அந்த ஆயில் பின்னாடி இன்ஜின் மேலதான் தெறிக்கும். வெளிய ஊதற ஃபேன்னா ஆயிலை அப்படியே ரேடியேட்டர் கோர் (குழாயும் மெல்லிசு தகடும் இருக்கற நடுப்பகுதி) மேல ஸ்ப்ரே பண்ணும், அதுல பொட்டு வந்து ஒட்டினா களி மாதிரி ஆயிரும், அதுவும் ஃபேனுக்கும் கோருக்கும் நடுவுல, கண்ணுக்கும் தெரியாது, கையும் போகாது. முன்னாடி கிரில்லு பளபளன்னு இருக்கும், வண்டி கொதிக்கும்.

கால் சூட்டுக்கு வேற வழி பண்ணினோம். பட்டறையில ஒரு தகரம் வெட்டி கிளட்ச் ஹவுசிங் பக்கம் ரெண்டு சைடும் சாய்வா மாட்டினோம், அனல் காலுக்கு வராம கீழ ஒதுங்கிருச்சு. செலவு ஒண்ணும் பெருசில்ல.

ஃபேனைக் கழட்டி சரியான பக்கம் மாட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு எலையும் ரிவிட் பக்கம் விரிசல் இருக்கான்னு வயர் பிரஷ் போட்டுத் தேச்சுப் பாத்தோம். விரிசல் இருந்தா வெல்டிங் வைக்காதீங்க. பேலன்ஸ் போயிரும், அந்த ஆட்டம் முழுக்க வாட்டர் பம்ப் பேரிங்குக்குத்தான் போகும். ஒரு எலை வளைஞ்சிருந்தாலும் அப்படித்தான். பம்ப் கிட்டு அடிக்கடி போகுதுன்னு பொலம்பறவங்க ஃபேனை கையால சுத்தி, ஒவ்வொரு எலை நுனியும் ரேடியேட்டர்ல இருந்து ஒரே தூரத்துல கடக்குதான்னு பாருங்க.

சரியா மாட்டி ஸ்டார்ட் பண்ணி பேப்பரைப் புடிச்சா இந்தத் தடவை போய் ஒட்டிக்கிச்சு. ஆனா எதிர்வீட்டு வண்டி அளவுக்கு இல்ல, ஓரத்துல லூசா இருந்துச்சு. கவுல் இல்லாததால. ஃபேனைச் சுத்தி ரேடியேட்டரோட சேந்து ஒரு தகரக் கூடு வரும், அதைத்தான் கவுல்னு சொல்லுவாங்க, யாராவது எப்பவாவது ரேடியேட்டரைக் கழட்டும்போது "இது எதுக்கு, எடஞ்சலா"ன்னு ஓரமா வச்சிருப்பாங்க, அது பழைய இரும்புக்குப் போயிருக்கும். ஃபேன் வட்டம், ரேடியேட்டர் சதுரம். கவுல் இல்லாட்டி ஃபேனுக்கு நேரா இருக்கற வட்டத்துல மட்டும்தான் காத்து நல்லா இழுக்கும், நாலு மூலையும் சும்மா நிக்கும். அதைவிட மோசம், எலை நுனியைச் சுத்தி சூடு காத்து திரும்பி முன்னாடி வந்து மறுபடி கோருக்குள்ள போகும். அதே சூட்டை ரேடியேட்டர் திரும்பத் திரும்பக் குடிக்கும். நிக்கற வண்டியில இது ரொம்ப ஜாஸ்தி.

எதிர்வீட்டு வண்டியைப் பாத்து அளவெடுத்து பட்டறையில கவுல் செஞ்சோம். எலை நுனிக்கும் தகரத்துக்கும் நடுவுல அரை இன்ச்சுல இருந்து முக்கால் இன்ச் வரைக்கும் விட்டோம். அதுக்குக் கீழ போனா இன்ஜின் ஆட்டத்துல உரசும், ஒரு இன்ச்சைத் தாண்டினா கவுல் வச்சே பிரயோஜனம் கொறையும். எவ்வளவு ஆழத்துல நிக்கணும்ங்கறதும் முக்கியம், உள்ள இழுக்கற ஃபேன்னா எலை அகலத்துல பாதியில இருந்து மூணுல ரெண்டு பங்கு கவுலுக்குள்ள, மிச்சம் வெளிய. முழுசா உள்ள போயிட்டா காத்து வெளியேற எடமில்லாம முட்டும். அப்புறம் ரேடியேட்டர் ரெண்டு பக்கத்துக்கும் பானெட் தகரத்துக்கும் நடுவுல இருக்கற சந்துல ஸ்பான்ச் பட்டை ஒட்டினோம். இது சில்லறை வேலை மாதிரி தெரியும், ஆனா காத்துக்கு சுலபமான வழி ஒண்ணு கெடைச்சா அது கஷ்டமான கோர் வழியா போகவே போகாது.

பெல்ட்டைப் பத்தி ரெண்டு வார்த்தை. பெல்ட்டோட நீளமான பக்கத்துல நடுவுல கட்டை விரலால அழுத்தினா அரை இன்ச்சு, மிஞ்சிப் போனா முக்கால் இன்ச்சு எறங்கணும். வி பெல்ட்டு பக்கச் சுவத்துலதான் புடிக்கணும், தேஞ்சு போய் புல்லி அடியில போய் உக்காந்துருச்சுன்னா எவ்வளவு டைட் பண்ணினாலும் வழுக்கும், அடியில பளபளன்னு இருந்தா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க. சில பேரு காத்து பத்தலைன்னு சின்ன புல்லி போட்டு ஃபேனை வேகமா ஓட்டலாம்னு சொல்லுவாங்க. ஃபேன் வேகம் ஏறினா காத்து அதே கணக்குல ஏறும், ஆனா அதுக்கு ஆகற பவர் மும்மடி கணக்குல ஏறும். 20 சதவீதம் வேகம் கூட்டினா பவர் 70 சதவீதத்துக்கு மேல கூடுது. 35 குதிரை வண்டியில அது பெல்ட்டையும் பேரிங்கையும்தான் தின்னும்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்ப வாங்கிப் போட வச்சேன். மாமாவுக்கு இதுல கடைசி வரைக்கும் மனசு ஒப்பல. அதைப் புடுங்கினா வண்டி கூலா ஓடும்னு ஒரு நம்பிக்கை இங்க ரொம்ப ஆழமா இருக்கு. பொதுவா 80 டிகிரி பக்கம் தெறக்கற சாமான் அது, இன்ஜின் வேலை செய்யற சூட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் அது முழுசா தெறந்துதான் இருக்கும், கொதிக்கற வண்டியில அது குறுக்க நிக்கறதே இல்ல, கெட்டுப் போய் மூடிக்கிட்டு இருந்தா தவிர. எடுத்துட்டா மார்கழி காலையில இன்ஜின் சூடேறவே நேரம் ஆகும், வெள்ளைப் புகை அடிக்கும், ஆயில்ல கசடு சேரும். சந்தேகமா இருந்தா அடுப்புல தண்ணி வச்சு அதுல போட்டுப் பாருங்க, கொதி வர்றதுக்கு முன்னாடி தெறந்துரணும். மூடி விஷயமும் அதேதான். பிரஷர் மூடி ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்கும் தண்ணியோட கொதிநிலையை ஒன்றரை டிகிரி மாதிரி ஏத்தும், 7 பிஎஸ்ஐ மூடி நல்லா இருந்தா 110 டிகிரி வரைக்கும் தாங்கும், ரப்பர் போன மூடி போட்டா 100லயே பொங்கும். சூடா இருக்கும்போது மூடியைத் தெறக்காதீங்கன்னு நான் சொல்லி யாரும் கேக்கப் போறதில்ல, இருந்தாலும் சொல்லிடறேன்.

இப்ப சுத்தம் பண்ற விஷயம். காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சாதான் ரேடியேட்டரை எந்தப் பக்கத்துல இருந்து கழுவணும்னே தெரியும். காத்து முன்னாடி இருந்து பின்னாடி போகுதுன்னா குப்பை முன் பக்கத்துலதான் குத்தி நிக்கும், அதனால ஃபேன் பக்கத்துல இருந்து கிரில்லு பக்கமா தள்ளணும். நம்ம ஆளுங்க முன்னாடி நின்னு ஓஸைப் புடிச்சு அடிப்பாங்க, பொட்டு முழுக்க இன்னும் ஆழமா கோர் நடுவுல போய் உக்காந்துரும், வெளிய பாத்தா சுத்தமா தெரியும். முதல்ல காய்ஞ்ச நெலையில கம்ப்ரசர் காத்தை மெதுவா பின்னாடி இருந்து விடுங்க, ஏன்னா உளுந்தம் பொட்டு தண்ணி பட்டா ஊறி உப்பிக்கும். அது போனதுக்கு அப்புறம் சோப்புத் தண்ணி, ஓஸ். வாட்டர் சர்வீஸ் கன்னை கிட்ட வச்சு அடிச்சா மெல்லிசு ஃபின் எல்லாம் மடங்கி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், மாமா ரேடியேட்டர்ல ஒரு கை அகலத்துக்கு அப்படி மடங்கியிருந்துச்சு, நானும் டிரைவரும் ஒரு பழைய ஹேக்ஸா பிளேடு முனையை வச்சு நிமித்திக்கிட்டு உக்காந்திருந்தோம், பொறுமை வேணும். இன்ஜின் கொதிக்கற சூட்டுல பச்சைத் தண்ணி ஊத்திக் கழுவவே கூடாது, வார்ப்பு இரும்பு வெடிச்சுதுன்னா ஃபேன் கதை எல்லாம் மறந்து போயிரும்.

உள்ள ஊத்தற தண்ணியும் பாருங்க. எங்க பக்கம் போர் தண்ணி உப்பு, வருஷக்கணக்கா அதையே ஊத்தினா குழாய்ல உப்புக் கறை பிடிக்கும், அது இருந்தா எவ்வளவு காத்து அடிச்சும் பிரயோஜனம் இல்ல. கூலன்ட் கட்டுப்படியாகலைன்னா மழைத் தண்ணியாவது புடிச்சு வச்சு, துரு புடிக்காத மருந்து கலந்து ஊத்துங்க. காத்துல கோளாறா தண்ணியில கோளாறான்னு பிரிக்க டெம்பரேச்சர் கன் இருந்தா ஒரு வழி உண்டு. வண்டி சூடா வேலை செய்யும்போது ரேடியேட்டர் மேல் டேங்கையும் கீழ் டேங்கையும் அளந்து பாருங்க. மேலயும் கீழயும் கிட்டத்தட்ட ஒரே சூடுன்னா தண்ணி ஓடுது, காத்து சூட்டை எடுக்கல. மேல கொதிக்குது, கீழ ரொம்ப ஆறிப் போயிருக்குன்னா காத்து நல்லாத்தான் இருக்கு, தண்ணிதான் ஓடல, பம்ப்பையும் அடைப்பையும் பாருங்க. மாமா வண்டி முதல்ல பாத்தப்ப, இதுல முதல்ல சொன்ன ரகம்.

இந்தக் காலத்து ஆளுங்களுக்கு வாட்டர் பம்ப் இல்லாத டிராக்டரே தெரியாது. 1917ல வந்த ஃபோர்ட்சன்ல பம்ப்பே கிடையாது, சூடான தண்ணி தானா மேல ஏறும், ஆறினது கீழ எறங்கும், அந்த ஓட்டத்துலயே இன்ஜின் ஆறும். அப்பவும் ஃபேன் இருந்துச்சு. நம்ம ஊர்ல ஓடின பழைய ஐஷர்ல ரேடியேட்டரே கிடையாது, நேரா காத்தாலயே ஆறற இன்ஜின். தண்ணி இல்லாமயும் வண்டி இருந்திருக்கு, பம்ப் இல்லாமயும் இருந்திருக்கு, காத்து இல்லாம ஒண்ணும் இருந்ததில்ல, ஆனா நாம கடைசியா பாக்கறது அதைத்தான்.

களத்துல வண்டியை எப்படி நிறுத்தறதுங்கறது இன்னொண்ணு. வண்டி மூக்கு காத்து வர்ற திசையைப் பாத்து நிக்கணும், மெஷின் பின்னாடி. அப்ப காத்து முதல்ல ரேடியேட்டர்ல பட்டு, ஃபேனுக்கும் உதவி பண்ணி, இன்ஜின் தாண்டி, மெஷின்ல இருந்து வர்ற பொட்டை அப்படியே பின்னாடி அடிச்சிட்டுப் போயிரும். தலைகீழா நிறுத்தினா பொட்டு மேகம் முழுக்க வண்டி மேல வந்து, ஃபேன் அதை முன்னாடி சுத்தி இழுத்து கிரில்லுல அப்பிக்கும். களத்துக்கு வழி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நிறுத்தறதுதான் வழக்கம், ஒரு தடவை திருப்பி நிறுத்தினா பாதி நாள் மிச்சம்னு டிரைவருங்க கிட்ட சொல்லிப் பாருங்க, சிரிப்பாங்க. கிரில்லு முன்னாடி வலை கட்டறவங்க கொசுவலை கட்டாதீங்க, கொஞ்ச நேரத்துல அடைச்சுக்கும். கொஞ்சம் பெரிய கண்ணு உள்ள கம்பி வலையா, ரேடியேட்டரை விட அகலமா, கிரில்லுல இருந்து தள்ளி நிக்கற மாதிரி கட்டி, பக்கத்துல ஒரு தொடப்பம் வச்சுக்கங்க.

கடைசியா ஒரு எச்சரிக்கை, இது ஜெனரேட்டர் சர்வீஸ் அனுபவத்துல சொல்றேன். ஜெனரேட்டர் செட்டுல பெரும்பாலும் வெளிய ஊதற ஃபேன்தான் இருக்கும், ரூமுக்குள்ள இருக்கற இன்ஜின் சூட்டை ரேடியேட்டர் வழியா சுவத்துக்கு வெளிய தள்ளணும்ல, அதுக்கு. டிராக்டர்ல ஓடற அதே மாதிரி இன்ஜின் ஜெனரேட்டர்லயும் வரும், ஃபேன் போல்ட் ஓட்டையும் ஒத்துப் போகலாம். பழைய இரும்புக் கடையில "அதே இன்ஜின் சாமான்தான், அப்படியே உக்காரும்"னு எடுத்துக் குடுப்பாங்க, உக்காரவும் செய்யும். வாங்கறதுக்கு முன்னாடி பழைய ஃபேனையும் கையில கொண்டு போய் ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாருங்க. எலை சாய்வு ஒத்துப் போகாம குறுக்க நின்னா அது எதிர் முறுக்கு, முன்பின்னா புரட்டிப் போட்டாலும் ஒத்துப் போகாது. எலை நீளம், எத்தனை எலை, நடு ஓட்டை எல்லாம் சரியா இருக்கேன்னு அதை நம்பி வாங்கிராதீங்க.

பக்கத்து ஊர்ல ஒருத்தர் இப்படித்தான் தெரியாம வாங்கி மாட்டிட்டாரு. சேறு அடிக்கும்போது ஒண்ணும் தெரியல, டிரெய்லர்ல நெல்லு ஏத்திக்கிட்டு ரோட்டுல போனா முள்ளு ஏறுது. நான் போய் பேப்பரைப் புடிச்சா பேப்பர் முகத்துல வந்து அடிக்குது. மாத்திரலாம்ணேன்னு சொன்னேன், அவரும் சரின்னாரு, பழைய ஃபேனையும் தேடி எடுத்து வச்சிருக்காரு. அவரு டிரைவர்தான் விட மாட்டேங்கறாரு, இப்பதான் கால் சுடாம வண்டி ஓட்டறேன்னு.